பெரும்பான்மை இல்லாத சபை முகத்துவாரம் வெட்டிய கதை

போன கிழமை உங்களில் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். பெயர் சொல்ல மாட்டேன், இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். புதிதாகப் பிரதேச சபைச் செயலாளராகப் போயிருக்கிறார். குரலிலேயே பயம் தெரிந்தது.

"சேர், எங்கட சபையில ஒருத்தருக்கும் பெரும்பான்மை இல்ல. அஞ்சு கட்சி, அதுக்கு மேல சுயேச்சை. நான் என்ன செய்ற?"

நான் சிரித்துவிட்டேன். "நீங்க குடுத்து வெச்ச ஆள் தம்பி," என்றேன். நான் கிண்டல் பண்ணுவதாக அவர் நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். நான் மனதாரத்தான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் சொல்ல வந்திருக்கிறேன். கோப்பு, கேள்விமனு, கணக்காய்வு எல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் இரண்டு சபைகளைப் பற்றி மட்டும் கதைக்கிறேன். இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே மேசையைச் சுற்றி, வேறு வேறு காலத்தில் கூடிய சபைகள்.

நான் கல்முனைக்குடிக்காரன். செயலாளராக வேலை பார்த்தது இந்தக் கரையோரத்தில் ஒரு பிரதேச சபையில். ஊரின் பெயர் வேண்டாம். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் களப்பு. களப்புக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மணல் திட்டு. மழைக்காலத்தில் வயல் தண்ணீர் எல்லாம் களப்புக்கு வரும். களப்பு நிரம்பினால் மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். அதைத்தான் முகத்துவாரம் வெட்டுவது என்கிறோம். இந்தக் கரையில் பிறந்த உங்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதில் இரண்டு நியாயம் இருக்கிறது. விவசாயிக்குச் சீக்கிரம் வெட்ட வேண்டும். மழைக்காலப் பெரும்போகத்து இளம்பயிர் தண்ணீருக்குள் கிடந்தால் வேளாண்மை அழுகிப் போகும். மீனவருக்கு அவசரப்படக் கூடாது. களப்பில் வளர்ந்து வருகிற இறால் முகத்துவாரம் திறந்த கையோடு கடலுக்கு ஓடிவிடும். அதோடு, வெட்டுகிற வாய்க்கால் சிறியதாகத்தான் தொடங்கும், தண்ணீர் பாயப் பாய மணலை அறுத்துக்கொண்டு ஆறு மாதிரி அகலும். பிழையான இடத்தில் வெட்டினால் திட்டில் மீனவர் போட்டிருக்கிற வாடிக் குடிசை, ஏற்றி வைத்திருக்கிற தோணி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

எந்த நாளில், எந்த இடத்தில் வெட்டுவது என்பதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். ஆனால் ஊர் ஒரு சொல்லில் நிற்காவிட்டால் மேலிடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். "சபை தீர்மானம் எடுத்து அனுப்புங்க" என்று எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரமும் எங்களுடையதுதான்.

நான் அங்கே போன காலத்தில் ஊரில் இரண்டே அணி. ஒன்றைக் குடம் என்றும் மற்றதைச் சாவி என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையான சின்னங்கள் வேறு. சட்டப்படி அப்போதும் விகிதாசாரத் தேர்தல்தான். ஆனால் வென்ற கட்சிக்குப் போனஸ் ஆசனம் என்று கூடுதலாக இரண்டு கிடைக்கும். ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிற இடத்தில் அந்த இரண்டு போதும். ஒரு பக்கம் கொஞ்சம் முந்தினால் சபை முழுவதும் அவர்கள் கையில். மற்றப் பக்கம் நான்கு வருடம் கைகட்டி இருக்க வேண்டும்.

விவசாயிகள் அநேகமாகக் குடம். கரையோரம் அநேகமாகச் சாவி. குடம் சபையைப் பிடித்த முறை, மழை தொடங்கிய உடனேயே தென்முனையில் வெட்டினார்கள். அது வயலுக்குக் கிட்டிய இடம், தண்ணீர் விரைவாக இறங்கும். இறங்கியது. இரண்டு வாடிகளும் ஒரு பெரிய தோணியும் கூடவே கடலுக்குப் போயின. அடுத்த தேர்தலில் சாவி வந்தது. அந்த வருடம் வெள்ளம் வந்தபோது, "பொறுங்க, பொறுங்க" என்றே நாட்கள் போயின. கடைசியில் வெட்டியபோது மேற்கே பயிர் கறுத்துப் போயிருந்தது.

இரண்டு தடவையும் சபையில் விவாதம் நடந்தது. நான் குறிப்பு எழுதினேன். எழுதுவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. ஆளும் பக்கம் இரண்டு வசனம் பேசும், பிறகு கை தூக்கும். எதிர்ப் பக்கம் அரை மணித்தியாலம் கத்தும், பிறகு வெளிநடப்புச் செய்யும். ஒருநாள் அப்படி வெளியே போன ஓர் உறுப்பினரிடம் வாசலில் கேட்டேன்: "ஹாஜியார், வடமுனையில வெட்டலாமே எண்டு நீங்க ஒரு சொல்லுச் செல்லிருக்கலாமே?"

"செல்லி?" என்றார். "நான் வாயால முத்துக் கொட்டினாலும் அவங்கட கை குறையப்போகுதா? நான் உள்ளுக்குக் கதைக்கல்ல செக்ரட்டரி. வெளிய நிக்கிற எங்கட பொடியனுகளுக்குக் கதைச்சன்."

அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். கதைத்து எதையும் வெல்ல முடியாத இடத்தில் மனிசன் தெருவுக்குத்தான் கதைப்பான். அந்தக் காலம் முழுக்க ஊரில் தேநீர்க்கடை இரண்டு, சலூன் இரண்டு, கல்யாணப் பந்தலில்கூட ஒரு பக்கத்தார் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் மற்றப் பக்கத்தார் வருவார்கள். நல்லதும் ஒன்று இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தீர்மானம் கெதியாக, ஒரே அமர்வில் வரும். பிழைத்தால் யார் தலையில் போடுவது என்று ஊருக்குத் தெரியும். அது சின்ன விசயம் இல்லை. ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு எப்போதும் சபை அந்நியரின் வீடாக இருந்தது.

பிறகு தேர்தல் முறை மாறியது. வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறை. போனஸ் ஆசனம் போய்விட்டது. பெண்களுக்குக் கட்டாய இடம் வந்தது. சிறிய குழுக்களுக்கும் வாக்குக்குத் தக்க ஆசனம் விழுந்தது. முடிவு வந்த அன்று எண்ணிப் பார்த்தால், குடமும் அதன் கூட்டாளிகளும் ஒரு பக்கம், சாவியும் அதன் கூட்டாளிகளும் மறுபக்கம், இரண்டும் சரிக்குச் சரி. நடுவில் ஒரே ஒரு சுயேச்சை உறுப்பினர்.

அவர் பெயர் ஜெஸீமா. கல்யாணப் பெண்களுக்கு உடுத்துவிட்டு அலங்காரம் செய்கிறவர், மணப்பெண் உடைகளை வாடகைக்குக் கொடுக்கிற கடையும் வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். வாய்விட்டுச் சிரிக்கிற மனுசி. குடத்து வீட்டுப் பெண்ணும் அவரிடம்தான் போக வேண்டும், சாவி வீட்டுப் பெண்ணும் அவரிடம்தான். இரண்டு பக்கத்திலும் பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் அவருக்குப் போட்டுவிட்டார்கள். அது வீட்டு ஆண்களுக்கு முடிவு வந்த பிறகுதான் தெரியும்.

சபைத் தலைவரான தவிசாளரைத் தெரிவு செய்வதற்கு முன்னால் அவருடைய கடைக்கு வந்த இனிப்பு வட்டிலப்பம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போதும். குடத்துத் தலைவர் அவருடைய வாப்பாவின் வழியில் சொந்தம் கண்டுபிடித்தார். சாவித் தலைவர் உம்மாவின் வழியில் இன்னும் நெருங்கிய சொந்தம் கண்டுபிடித்தார். ஜெஸீமா வந்ததை எல்லாம் கடைக்கு வருகிற பெண்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, தெரிவு அன்று கையைத் தூக்காமல் இருந்துவிட்டார்.

"ஏன் புள்ள?" என்று யாரோ கேட்டார்கள்.

"ரெண்டு பேரையும் தெரியாம இல்ல. ரெண்டு பேரையும் நல்லாத் தெரியும். அதான்," என்றார்.

சபை சிரித்தது. வாக்கு சமனாக இருந்ததால் திருவுளச் சீட்டு எடுத்தோம். தவிசாளர் பதவி குடத்துக்கு விழுந்தது. அவர் ஒரு போடியார், மேற்கே நிறைய வயல் உள்ளவர். உப தவிசாளருக்கும் சீட்டு, அது சாவியின் லத்தீப் காக்காவுக்கு விழுந்தது. ஊருக்கே அவர் காக்கா, அண்ணன் முறை. அவர் கரைவலைக்காரர், திட்டில் அவருடைய தோணிகளும் வாடியும் இருந்தன. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். இந்தத் தம்பி போன கிழமை பயந்த மாதிரி நானும் அன்று பயந்தேன்.

அந்த வருடம் மழை பிந்தித் தொடங்கியது. தொடங்கிய மழை ஒரேயடியாகக் கொட்டியது. களப்பு நிரம்பி வயல் வரம்புகள் மறைந்தன. அவசர அமர்வு கூட்டினோம். மத்தியானத்துக்குப் பிறகு, மண்டபத்தில் வெளிச்சம் போதாமல் விளக்குப் போட்டிருந்தது. வெளியே கேற்றடியில் ஒரு பக்கம் விவசாயிகள், மறுபக்கம் மீனவர்கள், மழையில் நனைந்துகொண்டு. ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை நல்லதாக இல்லை. காவல்காரர் ஓடி வந்து, "சேர், கேற்றப் பூட்டட்டா?" என்று கேட்டார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். பூட்டினால் ஆபத்து இல்லை, நானும் தப்புவேன். ஆனால் மழையில் நிற்கிறவனுக்குக் கோபம் கூடும். "எல்லாரையும் பக்கத்து வாசிகசாலைக்குள்ள எடுங்க. பிளேன்ரீ போடச் செல்லுங்க," என்றேன்.

"ரெண்டு பக்கத்தையும் வேற வேறயா வெப்பமா?"

"இல்ல, ஒரே அறையில."

காவல்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். போய்ச் செய்தார். சூடான தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பது கஷ்டம். அந்த அறையில் கதிரை குறைவு, இடம் கிடைத்த பக்கம் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாசிகசாலையை விடச் சபை மண்டபத்தில்தான் சத்தம் கூட.

தவிசாளர் பிரேரணை கொண்டு வந்தார்: தென்முனையில் உடனே வெட்ட வேண்டும். அவர் குரல் உடைந்திருந்தது. "எங்கட ஆக்கள் நகைய ஈடு வெச்சு விதைச்சவங்க. இன்னும் ரெண்டு நாள் தண்ணி நிண்டா ஒண்டும் மிஞ்சாது."

லத்தீப் காக்கா எழும்பினார். "தென்முனையில வெட்டினா எங்கட வாடி எங்க போகும் எண்டு தெரியும்தானே? முந்தி ஒருக்கா போனது இன்னும் எங்களுக்கு மறக்கல்ல. தோணி போனா தோணிக்காரன் என்னத்தத் திம்பான்? மண்ணையா?"

அவருக்குப் பக்கத்தில் யோகராசா எழும்பினார். தெற்கே உள்ள தமிழ்க் கிராமத்து வட்டாரத்தில் வென்றவர். கட்சி வேறு, ஆனால் களப்பில் வலை வீசிப் பிழைக்கிற ஆட்களின் உறுப்பினர் என்பதால் இந்த விசயத்தில் லத்தீப் காக்காவோடு நின்றார். "இறாலையும் பாருங்கோ. நாளைக்கு வெட்டினா எங்கட சனத்துக்கு இந்தப் போகம் ஒண்டும் இல்ல," என்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணினேன். சரிக்குச் சரி. ஜெஸீமாவின் கை மடியில் இருந்தது.

தவிசாளர் என் பக்கம் திரும்பினார்.

"செக்ரட்டரி. வாக்குச் சமன். சட்டம் என்ன செல்லுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாக்கு சமனானால் தவிசாளர் மேலதிகமாக ஒரு வாக்குப் போட்டு முடிக்கலாம். அவருக்கும் அது தெரியும், என் வாயால் வர வேண்டும் என்று விரும்பினார். இல்லை என்று சொன்னால் பொய். இழுத்துப் பேசினால் லத்தீப் காக்காவின் ஆள் என்ற பெயர். "ஓம், உங்களுக்கு இன்னொரு வாக்கு இரிக்கி. போட்டா பிரேரணை நிறைவேறும். அது சட்டப்படி சரி," என்றேன். பிறகு ஒன்றைச் சேர்த்தேன். "பெக்கோ திட்டுக்குப் போகோணும் எண்டா, போற பாதை கரையோரத்து ஆக்கள்ட வாசலாலதான். அது எனக்கு மேல உள்ள விசயம்."

அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சட்டத்தை முழுதாகச் சொல்லுங்கள். சட்டத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரிவதை ஒரு வசனத்தில் சொல்லுங்கள். பிறகு வாயை மூடுங்கள்.

அப்போதுதான் ஜெஸீமா எழும்பினார்.

"தவிசாளர், நீங்க அந்த வாக்கப் போடலாம். நான் குறுக்க நிக்கல்ல. ஆனா அடுத்த மாசம் உங்கட பட்ஜெட் வரும். அண்டைக்கு என்ட கை எங்க இருக்கும் எண்டு நான் இப்ப செல்ல மாட்டன்."

தவிசாளரின் முகம் இறுகியது. வரவு செலவுத் திட்டம் தோற்றால் அவருடைய கதிரையே ஆடும்.

"இது வெருட்டுறதா?"

"இல்ல, கேளுங்க." அவர் இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சொன்னார். "எனக்கு இரிக்கிறது ஒரு கை. அத நான் உங்களுக்கும் விக்கல்ல, இவருக்கும் விக்கல்ல. நீங்க கொண்டு வாறதுக்கு லத்தீப் காக்காட பக்கத்தால ஒரு கையாவது வரட்டும், அப்ப என்ட கையும் வரும். அவர் கொண்டு வாறதுக்கு உங்கட பக்கத்தால ஒரு கை வரட்டும், அதுக்கும் வரும். ஒரு பக்கத்துக் கை மட்டும் தூக்கினா என்ட கை மடியிலதான் கிடக்கும். எத்தின வருசம் ஆனாலும் இதுதான்."

"அது எப்பிடி நடக்கும்?" என்று யாரோ கத்தினார்கள்.

"நான் நாளாந்தம் பாக்கிறது அதத்தானே. மாப்பிள வீடு ஒண்டு செல்லும், பொண்ணு வீடு ஒண்டு செல்லும். கல்யாணம் நடக்காமலா போகுது?"

அந்தக் கலவரத்துக்குள்ளும் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் அழைக்கிற வாங்கு கேட்டது. நான் தவிசாளரின் காதில், "தொழுதுட்டு வருவமா சேர்?" என்றேன். அவர் தலையசைத்தார். அந்த மேலதிக வாக்கு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அன்று அவர் அதைப் போடாமல் எழும்பினாரே, அதற்காக நான் அந்த மனிசனுக்கு இன்றைக்கும் தொழுகையில் துஆச் செய்கிறேன். வெல்லக்கூடிய ஒருவன் வெல்லாமல் எழும்புவது லேசான காரியம் இல்லை.

பள்ளிவாசல் சபைக்கு எதிரே. மழைக்குள் ஓடினோம், குடை போதாது. தவிசாளரின் குடைக்குள் வேறு வழியில்லாமல் லத்தீப் காக்கா நுழைந்தார். தொழுகையில் இருவரும் தோளோடு தோள். திரும்பி வரும்போது படியில் நின்று செருப்புத் தேடுகிற நேரத்தில் லத்தீப் காக்கா, யாரையும் பார்க்காமல், "வடமுனையில வெட்டினா வாடிக்கு ஆபத்தில்ல," என்றார்.

"வடமுனையில தண்ணி மெதுவாத்தான் இறங்கும்."

"இறங்கும்தானே?"

"இறங்கும்... ஆனா திட்டு அகலம். விடியக்காலையில தொடங்கினாத்தான் பொழுதுக்குள்ள முடியும். அந்தப் பக்கமும் தோணி நிக்குதே?"

"ஏழு எட்டு நிக்குது. இழுத்து ஏத்தினா நிக்காது. எங்கட ஆக்கள் மட்டும் இழுத்தா ரெண்டு நாள் எடுக்கும்."

தவிசாளர் ஒரு காலில் செருப்போடு நின்றார். "எங்கட உழவு மிசின் சும்மாதான் நிக்குது. வயல்ல இறங்க ஏலாதே. எத்தின வேணும்?"

நான் மெல்ல நகர்ந்து முன்னால் நடந்துவிட்டேன். சில இடத்தில் செயலாளர் காணாமல் போக வேண்டும்.

மண்டபத்துக்குத் திரும்பி வந்தால், ஜெஸீமாவும் யோகராசாவும் மேசையில் மாரி பிஸ்கட்டை வரிசையாக அடுக்கி மணல் திட்டு போட்டிருக்கிறார்கள். தேநீர்க் கோப்பைதான் களப்பு. யோகராசா விரலை வைத்து, "இரவைக்கு இந்தப் பக்கம் எல்லாரும் வலை போட விட்டால் இறாலில பாதியாவது கைக்கு வந்திடும்," என்று காட்டிக்கொண்டிருந்தார். தவிசாளர் குனிந்து பார்த்தார். லத்தீப் காக்கா மறுபக்கத்தால் குனிந்தார். வடமுனை பிஸ்கட்டை யாரோ மறந்துபோய்க் கடித்துவிட, "டேய், முகத்துவாரத்தத் திண்டுட்டான்!" என்று ஒரு சிரிப்பு.

அமர்வு மறுபடி தொடங்கியது. தவிசாளர் நின்று சொன்னார்: மேலிடத்து அனுமதியோடு, வடமுனையில், விடியற்காலையில் வெட்டுவது. அதற்கு முன் இன்று இரவு களப்பில் யாரும் வலை போடலாம். தோணிகளை ஏற்ற விவசாயிகளின் உழவு இயந்திரங்கள் வரும்.

"வழிமொழிகிறவர்?" என்று கேட்டேன்.

"நான்," என்றார் லத்தீப் காக்கா.

நான் பேனையை நிறுத்தினேன். "காக்கா, நீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"இல்ல, ஒருக்காச் செல்லுங்க, எழுதுறத்துக்கு."

"லத்தீப் எண்டு எழுதும் ஐயா! மறந்து போச்சா என்ட பேரு?"

என் முழுச் சேவையிலும் குடத்துக்காரர் பெயரையும் சாவிக்காரர் பெயரையும் ஒரே பிரேரணைக்குக் கீழே நான் எழுதியது அதுதான் முதல் தடவை. கை தூக்கச் சொன்னபோது ஜெஸீமாவின் கைதான் முதலில் போனது. வளையல் சத்தம் கேட்டது. பிறகு எல்லாக் கையும். வாசிகசாலையில் செய்தி சொல்லப் போனேன். சொல்லி முடிக்கும் முன்னமே சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டதை வைத்து அவர்கள் பாதித் திட்டம் போட்டிருந்தார்கள். எந்த மிசின் யாருடைய தோணிக்கு என்பது வரைக்கும்.

அனுமதியும் வந்து சேர்ந்தது. ஊர் ஒரு சொல்லில் நிற்கிறது என்று கேட்டதும் போனில் அந்தப் பக்கத்தில் இருந்த அதிகாரிக்கே நம்பிக்கை வரவில்லை, "உண்மையாகத்தானா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

விடிந்தபோது நான் திட்டில் நின்றேன். மழை விட்டிருந்தது. உழவு மிசின்கள் வரிசையாக மணலில் இறங்கின. தவிசாளர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தோணியின் பக்கத்தைப் பிடித்துத் தள்ளினார். "மெதுவா! அது என்ட மகள்ட பேர் போட்ட தோணி!" என்று லத்தீப் காக்கா மிசின் ஓட்டுகிறவனைத் திட்டினார். கயிறு திடீரென்று இழுபட, தவிசாளர் கால் வழுக்கி ஈர மணலில் குப்புற விழுந்தார். அவர் முகம் முழுக்க மணலோடு எழும்பி இருந்து, தானே முதலில் சிரித்தார். பிறகு கேட்க வேண்டுமா. லத்தீப் காக்கா கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே அவரைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

பொழுது சாய்கிற நேரம் பெக்கோ கடைசிக் கை மண்ணை அள்ளியபோது முதலில் ஒரு விரல் அளவு தண்ணீர்தான் கடல் பக்கம் வழிந்தது. பிறகு ஒரு முழம். பிறகு ஓர் இரைச்சல். கரையில் நின்ற சனம் எல்லாம் ஒரே குரலில் கத்தியது. வடை விற்கிறவர் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டார். இரவு பிடித்த இறாலைக் கூடையில் கொண்டு வந்து யோகராசாவின் ஆட்கள் மிசின்காரர்களுக்குப் பை பையாகக் கொடுத்தார்கள். அன்று மேற்கே எத்தனையோ விவசாயி வீட்டில் இறால் கறி.

எல்லாம் சரியாகப் போனது என்று நினைக்காதீர்கள். தாழ்ந்த வயல்கள் சில போய்விட்டன. வடமுனையில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கியது, தவிசாளர் சொன்ன மாதிரியே. இறாலிலும் நிறையக் கடலுக்குப் போனது. இரண்டு பக்கமும் கொஞ்சம் இழந்தது. ஆனால் யாரும் எல்லாவற்றையும் இழக்கவில்லை. மறுநாளே இரண்டு கட்சியும் "எமது முயற்சியால்" என்று இரண்டு பெனர் கட்டின, ஒரே கம்பத்தில், மேலே ஒன்று, கீழே ஒன்று. எது மேலே என்பதில் அரை நாள் சண்டை. அந்தச் சண்டையை நான் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்டுவிட்டு, தொங்கு சபை என்றால் எல்லாம் கல்யாண வீடு என்று நினைத்துப் போய்விடாதீர்கள். இதே முறையில் தெரிவான வேறொரு சபையில் நடுவில் இருந்த ஒரு கை, வாக்கெடுப்புக்கு முதல் நாள் யாரோ ஒருவர் செலவில் குடும்பத்தோடு மலைநாட்டுக்குச் "சுற்றுலா" போய்விட்டது. அங்கே வருடம் முழுக்கத் தவிசாளர் மாறியதே தவிர வேறொன்றும் மாறவில்லை. பிழைத்ததற்கு யாரைக் கேட்பது என்றும் ஊருக்குத் தெரியவில்லை. தேர்தல் முறை மனிசரை நல்லவராக்காது. எதிரே இருக்கிறவரோடு கதைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும்தான் அது கொண்டு வரும். கதைக்கிற நேரத்தில் என்ன செய்கிறோம் என்பது ஆளைப் பொறுத்தது. ஜெஸீமா மாதிரி ஒருவர் நடுவில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் தொழுகைக்கும் தேநீருக்கும் நேரம் பார்த்து இடைவேளை கொடுக்கத் தெரிந்த ஒரு செயலாளராவது இருக்கட்டும்.

அந்த வருடம் பட்ஜெட் நிறைவேறியது. ஜெஸீமா கை தூக்கினார். அதற்கும் மறுபக்கத்தால் இரண்டு கை வந்திருந்தது.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். முகத்துவாரம் வெட்டிய பிறகு வந்த முதல் மாத அமர்வில் தெருவிளக்குப் பிரச்சினை வந்தது. எந்த வட்டாரத்துக்கு முதலில் விளக்கு என்பது. லத்தீப் காக்கா எழும்பி மேசையைத் தட்டினார். குடத்தார் வீதிகள் மட்டும் வெளிச்சமாம், கரையோரம் இருட்டாம், இது அநியாயமாம், இதை விடவே மாட்டாராம். பழைய காலத்துச் சத்தம், கொஞ்சமும் குறையவில்லை. எனக்குச் சப்பென்று போய்விட்டது. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

நடுவில் அவர் சட்டென்று நிறுத்தினார். தவிசாளரின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அது கிடக்கட்டும். உங்கட வேளாண்மை எப்பிடி?" என்று கேட்டார்.

"பச்சை பிடிச்சிட்டு," என்றார் தவிசாளர்.

"அல்ஹம்துலில்லாஹ்."

பிறகு நிமிர்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, "சரி, இனி விளக்குக்கு வருவம்!" என்று மறுபடி மேசையைத் தட்டத் தொடங்கினார்.